கைக்கு அடங்கும் ஸ்மார்ட்போன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது போன் அறிமுகமாகும் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் கேமராவைப் பற்றிக் கேட்காது, ப்ராசஸரைப் பற்றிக் கேட்காது. "இதில் சின்ன சைஸ் வருமா?" என்று மட்டும்தான் கேட்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். ஆனால் ஆசைப்படுவது வேறு, வாங்கிய பிறகு தினமும் அதோடு குடித்தனம் நடத்துவது வேறு. அதனால் சின்ன போனுக்கு வக்காலத்து வாங்காமல் பதில் எழுதப் பார்த்திருக்கிறேன். இதில் வரும் மாடல்கள் எல்லாம் 2025 முடிய வெளியானவை.

இன்றைக்குச் 'சின்ன போன்' என்று எதைச் சொல்வது?

6.1 முதல் 6.3 இன்ச் வரை திரை உள்ளதை. சிரிப்புத்தான் வரும். 2011-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 இன்ச் திரையோடு வந்தபோது, இவ்வளவு பெரிய பலகையைக் காதில் வைத்து யார் பேசுவார்கள் என்று கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஐபோன் 5-ன் திரை வெறும் 4 இன்ச். 2014-ல் ஐபோன் 6 பிளஸ் 5.5 இன்ச்சுக்குப் போன பிறகு கேலி அடங்கிவிட்டது. அதற்கப்புறம் ஏறுமுகம்தான்.

6 இன்ச்சுக்குக் கீழே, அதே சமயம் வேகத்திலும் கேமராவிலும் கை வைக்காமல் வந்த போன்களில் பரவலாகப் பேசப்பட்ட கடைசி ஆள் 2023-ன் அசுஸ் ஜென்போன் 10. திரை 5.9 இன்ச், எடை 172 கிராம், ஹெட்போன் ஜாக்கூட இருந்தது. மறு ஆண்டு அதே வரிசையில் வந்த ஜென்போன் 11 அல்ட்ராவின் திரை 6.78 இன்ச். அதோடு அந்தக் கதையும் முடிந்தது.

என் பழைய 5.5 இன்ச் போனே கைக்கு அடங்கவில்லை. 6.2 இன்ச் எப்படிச் சின்ன போன் ஆகும்?

இன்ச் கணக்கை நம்பியதால் வரும் குழப்பம் இது. திரையின் இன்ச் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளப்பது. போன் எவ்வளவு அகலம், திரையைச் சுற்றி எவ்வளவு ஓரம் விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரியாது.

இரண்டு போன்களை அருகருகே வைத்தால் விளங்கிவிடும். ஐபோன் 8 பிளஸின் திரை 5.5 இன்ச், ஐபோன் 13 மினியின் திரை 5.4 இன்ச். எண்ணில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 8 பிளஸின் அகலம் 78.1 மி.மீ., உயரம் 158.4 மி.மீ. 13 மினியின் அகலம் 64.2, உயரம் 131.5. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மினிக்கு அடியில் பிளஸ் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். 8 பிளஸின் மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டையும் ஹோம் பட்டனும் போய்விட்டன, அது ஒரு காரணம். இன்னொன்று, திரையின் வடிவமே மாறிவிட்டது. முன்பு 16:9 விகிதம். இப்போது 19.5:9 அல்லது 20:9, அதாவது ஒல்லியாகவும் நெட்டையாகவும். 6 இன்ச் திரை 16:9-ல் இருந்தால் அகலம் ஏறக்குறைய 75 மி.மீ.; அதே 6 இன்ச் 20:9-ல் இருந்தால் 62 மி.மீ. சொச்சம். பரப்பளவும் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்டியில் இரண்டுக்கும் '6 இன்ச்' என்றேதான் அச்சடித்திருப்பார்கள்.

2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்தபோதும் இதே கதைதான். 6.1 இன்ச்சிலிருந்து 6.3 ஆகிவிட்டதே என்று பலர் வருத்தப்பட்டார்கள். அகலம் கூடவே இல்லை, 16-ஐப் போல 71.5 மி.மீ. அளவிலேயே நின்றது. உயரம் மட்டும் 2 மி.மீ. ஏறியது. திரை ஓரத்தைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் வாங்கும்போது எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

முதலில் அகலம். பிடிக்க வசதியா இல்லையா என்பதை முடிவு செய்வது அதுதான். அடுத்தது எடை. உயரம் மூன்றாவது, கட்டைவிரல் எட்டாத தொல்லை உயரத்தால் வருவது, ஆனால் அதைச் சமாளிக்க வழி உண்டு (கீழே சொல்கிறேன்). அகலத்துக்கு மாற்று வழி கிடையாது.

எடையைப் பலர் பார்ப்பதே இல்லை. கேலக்ஸி எஸ்25-ன் எடை 162 கிராம். பிக்சல் 10-ன் எடை 204 கிராம். இரண்டையும் கடையில் 'காம்பாக்ட்' என்றுதான் எடுத்துக் காட்டுவார்கள். அகலத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை, 70.5-ம் 72-ம். ஆனால் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் படிக்கும்போது அந்த 42 கிராம் எங்கே இருக்கிறது என்று உங்கள் சுண்டுவிரல் சொல்லும்.

ஒரு எளிய சோதனை. நிறுவனத்தின் தளத்தில் போனின் உயரம், அகலம் மி.மீ. கணக்கில் இருக்கும். அதே அளவுக்கு ஒரு கெட்டி அட்டையை வெட்டுங்கள். கவர் போடுகிறவர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பிடிக்கும் கையில் வைத்து, பிடியை மாற்றாமல் கட்டைவிரலை எதிர்ப்பக்க மேல் மூலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கே நின்றுபோகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளதெல்லாம் இரண்டாவது கையின் வேலை. இரண்டு மூன்று போன்களுக்கு இப்படி வெட்டிப் பார்த்தால், விமர்சன வீடியோ பத்து பார்த்தாலும் தெரியாத விஷயம் தெரிந்துவிடும்.

2025-ல் கிடைத்த போன்களில் எவற்றைப் பார்க்கலாம்?

லேசான போன் வேண்டும் என்றால் கேலக்ஸி எஸ்25. 6.2 இன்ச், அதே வரிசையின் உச்ச மாடலான எஸ்25 அல்ட்ராவில் உள்ள அதே ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப். பேட்டரி 4000 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) மட்டும். அதுதான் அதன் பலவீனம், மறைக்க ஒன்றுமில்லை.

ஐபோன் பக்கம் என்றால் ஐபோன் 17. பழைய எஸ்இ வரிசையின் இடத்தில் 2025 பிப்ரவரியில் வந்த 16இ-யும் இருக்கிறது. ஆனால் அதுவும் 6.1 இன்ச். ஹோம் பட்டன் வைத்த 4.7 இன்ச் எஸ்இ-க்காகக் காத்திருந்தவர்களுக்கு அன்றைக்குக் கதவு சாத்தப்பட்டது.

கேமராதான் முக்கியம் என்பவர்களுக்கு பிக்சல் 10 ப்ரோ, 6.3 இன்ச். கனம்தான் அதன் குறை.

பேட்டரிதான் கவலை என்றால் சீன நிறுவனங்களின் பக்கம் போக வேண்டும். ஷாவ்மி 15, விவோ எக்ஸ்200 எஃப்இ, ஒன்பிளஸ் 13எஸ் மூன்றுமே 6.3 இன்ச்சை ஒட்டியவை, அகலம் 71-72 மி.மீ. விவோவில் 6500 எம்.ஏ.எச்., ஒன்பிளஸில் 5850. ஆனால் ஒன்பிளஸ் 13எஸ்-ல் அகலமான காட்சியைப் பிடிக்கும் அல்ட்ராவைடு கேமரா இல்லை, வயர்லெஸ் சார்ஜிங்கும் இல்லை. விவோவில் உள்ள சிப் அந்த ஆண்டின் உச்ச சிப் அல்ல. எங்கோ ஓரிடத்தில் கை வைக்காமல் சின்ன போன் செய்ய முடியாது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவதுதான் நம் வேலை.

சின்ன போனில் பேட்டரி நிற்காது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. காரணம் பலர் நினைப்பது அல்ல.

"பேட்டரி சின்னது, சரி. ஆனால் திரையும் சின்னதுதானே, செலவும் குறையுமே" என்று ஒரு நியாயமான வாதம் உண்டு. ஐபோன் 12-ஐயும் 12 மினியையும் வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரே சிப், நெட்வொர்க்கோடு பேசும் ஒரே 5ஜி மோடம், ஒரே ஆண்டு. பிரித்துப் பார்த்தவர்கள் சொன்ன பேட்டரி அளவு 12-ல் 2815 எம்.ஏ.எச்., மினியில் 2227. அதாவது 21 சதவீதம் குறைவு. திரையின் பரப்பளவும் கிட்டத்தட்ட அதே அளவு, 22 சதவீதம் குறைவு. வாதப்படி இரண்டும் ஒரே நேரம் ஓட வேண்டும். ஆனால் ஆப்பிளே கொடுத்த கணக்கில், தொடர்ந்து வீடியோ ஓட்டினால் 12-க்கு 17 மணி நேரம், மினிக்கு 15.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது? திரை மட்டும்தான் சுருங்கியது. சிப் சுருங்கவில்லை, மோடம் சுருங்கவில்லை, சிக்னல் தேடும் வேலை சுருங்கவில்லை. பெரிய போனில் இவை எவ்வளவு குடிக்குமோ அதே அளவுதான் சின்ன போனிலும் குடிக்கும். குடிக்கிற வாய் அதே, பானை மட்டும் சின்னது. வீடியோவில் திரையின் செலவு கணிசம் என்பதால் வித்தியாசம் இரண்டு மணி நேரத்தோடு நின்றது. சிக்னல் பலவீனமான இடத்தில், வெயிலில், மேப்பைப் போட்டுக்கொண்டு போகும்போது மினி இன்னும் வேகமாக இறங்கும்.

இதில் கவனிக்காமல் விடும் இன்னொரு செலவும் உண்டு. பேட்டரியின் ஆயுளை சார்ஜ் சுற்றுக் கணக்கில் சொல்வார்கள். மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று. பெரிய போனில் ஒரு நாளைக்கு 60 சதவீதம் செலவு செய்கிறவர், அதே வேலையைச் சின்ன போனில் செய்தால் 90 சதவீதம் செலவாகலாம். சுற்று சீக்கிரம் ஏறும், பேட்டரி சீக்கிரம் கிழடாகும். புதிதாக இருக்கும்போதே இரவு வரை இழுத்துப் பிடித்து ஓடிய போன், இரண்டு ஆண்டு கழித்து மாலையிலேயே சார்ஜரைத் தேடும்.

சிலிக்கான்-கார்பன் பேட்டரி வந்துவிட்டதே, இனி அந்தப் பிரச்சினை இல்லைதானே?

பெருமளவு குறைந்திருக்கிறது. சின்ன போன்களுக்குப் பல ஆண்டுகளில் நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்பேன்.

வழக்கமான லித்தியம் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கிராபைட் இருக்கும். சார்ஜ் ஆகும்போது லித்தியம் அதற்குள் போய் உட்காரும். சிலிக்கானில் அதே எடைக்கு ஏறக்குறைய 10 மடங்கு லித்தியம் உட்காரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உட்கார்ந்ததும் சிலிக்கான் பயங்கரமாக உப்பும், காலியானதும் சுருங்கும். நாலைந்து தடவை இப்படி நடந்தால் நொறுங்கிவிடும். அதனால் சிலிக்கானைக் கொஞ்சமாக எடுத்து, கார்பனோடு கலந்து, உப்புவதற்கு இடம் விட்டுச் செய்கிறார்கள். எனவே 10 மடங்கெல்லாம் கிடைக்காது. ஆனால் அதே இடத்தில் கணிசமாகக் கூடுதல் அடைக்க முடிகிறது.

2023-ல் ஹானர் மேஜிக்5 ப்ரோவின் சீன மாடலில் வந்தபோது இது ஒரு புதுமை. 2025 செப்டம்பரில் சீனாவில் வெளியான ஷாவ்மி 17-ல், 6.3 இன்ச் போனுக்குள் 7000 எம்.ஏ.எச். இருந்தது. எஸ்25-ன் 4000-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 முடிய ஆப்பிள், சாம்சங், கூகுள் மூவரும் இந்த வகைக்குத் தங்கள் முன்னணி போன்களை மாற்றவில்லை. ஒரே மாடலுக்கு நாட்டுக்கு நாடு பேட்டரி அளவு மாறுவதும் உண்டு; ஒன்பிளஸ் 13எஸ்-ன் சீன உறவான 13டி-யில் 6260 எம்.ஏ.எச். இருந்தது. விமர்சனம் படிக்கும்போது எந்த நாட்டு மாடலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் என்ன இழப்பேன்?

பகல் வெளிச்சத்தில் மெயின் கேமராவால் எடுக்கும் படத்தில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. இழப்பு ஜூமில்தான்.

5 மடங்கு ஜூம் தரும் லென்ஸ்கள் பல பெரிஸ்கோப் முறையில் அமைந்தவை. ஒரு பட்டகம் ஒளியை மடக்கிப் பக்கவாட்டில் திருப்பும். லென்ஸ்கள் போனின் உடம்புக்குள் படுத்துக் கிடக்கும். அந்தப் படுக்கைக்கு இடம் வேண்டும். அதே இடத்தைத்தான் பேட்டரியும் கேட்கிறது. 2023-ல் ஐபோன் 15 ப்ரோ மேக்ஸுக்கு 5 மடங்கு ஜூம் கிடைத்தது, சின்ன 15 ப்ரோவுக்கு 3 மடங்கோடு நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு 16 ப்ரோ கொஞ்சம் வளர்ந்து 6.3 இன்ச் ஆன பிறகுதான் அதற்கும் 5 மடங்கு வந்தது. கூகுள் 2024-ல் பிக்சல் 9 ப்ரோவை 6.3, 6.8 என இரண்டு அளவில் கொடுத்து, இரண்டிலும் ஒரே கேமராக்களை வைத்தது. முடியாத காரியம் அல்ல என்பது அப்போது தெரிந்தது. மற்றபடி பல நிறுவனங்களில் 'சின்னது' என்றால் 'அடிப்படை மாடல்' என்றே அர்த்தம். எஸ்25 அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் கேமரா எஸ்25-ல் வராததற்கு இடம் மட்டும் காரணம் இல்லை. எல்லாவற்றையும் சின்னதில் கொடுத்துவிட்டால் பெரியதை யார் வாங்குவார்கள்?

கேம் விளையாடினால் சூடாகுமா?

ஆகும். ஒரே சிப் ஒரே அளவு வெப்பத்தைத்தான் உண்டாக்கும். அது வெளியேறும் பரப்பு சின்ன போனில் குறைவு. தாங்காத நிலை வரும்போது சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் சில நிமிடங்களில் பெரிய போனுக்குச் சமமாக ஓடிவிட்டு, அப்புறம் தடுமாறத் தொடங்கும். மணிக்கணக்கில் கேம் ஆடுகிறவர் என்றால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டுப் பெரிய போனைப் பாருங்கள்.

வீடியோ பார்க்க?

நினைக்கிற அளவுக்கு மோசம் இல்லை. வழக்கமான 16:9 வீடியோவை 19.5:9 திரையில் பார்த்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதைக் கழித்தால் 6.9 இன்ச் போனில் தெரியும் படம் 5.9 இன்ச், 6.2 இன்ச் போனில் 5.3. பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சப்டைட்டில் படித்துக்கொண்டே படம் பார்ப்பவருக்கு அந்த ஒரு பங்கு வலிக்கும். மற்றவர்களுக்குப் பழகிவிடும்.

கண்ணுக்குக் கெடுதலா? எழுத்தைப் பெரிதாக்கினால் சரியாகிவிடாதா?

சின்னத் திரையில் எழுத்து மங்கலாகத் தெரியும் என்பது பழைய பயம். 12 மினியில் ஒரு இன்ச்சுக்கு 476 புள்ளிகள். கூர்மைக்குக் குறைவே இல்லை. பிரச்சினை எழுத்தின் அளவு. எழுத்து சின்னதாக இருந்தால் நம்மை அறியாமல் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவருகிறோம். கிட்டத்தில் பார்க்கப் பார்க்கக் கண்ணின் தசைக்கு வேலை அதிகம். 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் தளரத் தொடங்குவதால் கிட்டே கொண்டுவருவதும் பயன்படாது. கையை நீட்டிப் பிடிப்பார்கள், எழுத்து இன்னும் சிறுத்துவிடும்.

எழுத்தைப் பெரிதாக்கலாம். ஆண்ட்ராய்டு 14 முதல் 200 சதவீதம் வரைகூட ஏற்ற முடியும். ஆனால் ஏற்றியபின் ஒரு செய்தியைத் திறந்து பாருங்கள். தலைப்பு நான்கு வரிக்கு ஓடும், அதன் கீழே ஒரு பத்தி பாதியில் நிற்கும். கட்டைவிரலுக்கு ஓயாத வேலை. வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும் என்பதால் படிக்கும் ஓட்டமே போய்விடும். தமிழில் இது இன்னும் கூடுதல், ஏனென்றால் நம் சொற்கள் நீளம். 'அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள்' என்ற ஒரே சொல் ஒரு வரியை விழுங்கிவிடும்.

வயதான அப்பா, அம்மாவுக்குச் சின்ன போன் வாங்கித் தரலாமா?

கையாளச் சுலபமாக இருக்கும் என்ற நினைப்பில் பலரும் இப்படி வாங்குகிறார்கள். மேலே சொன்ன காரணத்தால் பெரும்பாலும் இது தப்பாகிப் போகும். அவர்களுக்கு வேண்டியது பெரிய எழுத்து, பெரிய பட்டன், குறைந்த எடை. பெரிய திரையிலேயே எடை குறைவானது எது என்று தேடுங்கள்.

தமிழில் டைப் செய்யச் சிரமமாக இருக்குமா?

எப்படி டைப் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, 26 விசைதான். தமிழ் எழுத்துகளையே விசைகளாக வைத்திருக்கும் பலகையில் 12 உயிர், 18 மெய், ஆய்தம், அதற்கு மேல் கிரந்த எழுத்துகள் எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். 64 மி.மீ. அகலத்தில் 'ந' அடிக்கப் போய் பக்கத்து எழுத்து விழும். 71 மி.மீ. அகலத்தில் ஒருவாறு சமாளிக்கலாம். நிறைய எழுதுகிறவர் என்றால் குரல் வழியாகத் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டு, பிழையை மட்டும் கையால் திருத்துவது நல்லது.

பெரிய போனையே ஒரு கையால் சமாளிக்க வழி உண்டா?

ஓரளவு உண்டு. ஐபோனில் 'ரீச்சபிளிட்டி' என்ற வசதி 2014 முதல் இருக்கிறது. திரையின் அடி விளிம்பில் கீழ்நோக்கி இழுத்தால் மேல் பாதி கீழே இறங்கி வரும். அமைப்புகளில் போய் அதை இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் 12-ம் பதிப்பு முதல் ஒரு கை முறை உண்டு. பிரவுசரில் முகவரிப் பட்டையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். சஃபாரி, ஃபயர்பாக்ஸ், குரோம் மூன்றிலும் முடியும். தினமும் தொடும் ஆப்களை முகப்புத் திரையின் கீழ் இரண்டு வரிசைக்கு இறக்கிவிட்டு, மேலே கடிகாரத்தை வையுங்கள். நோட்டிபிகேஷனை முகப்புத் திரையில் எங்கே இழுத்தாலும் இறங்கும்படி வைக்கும் வசதியும் பல போன்களில் இருக்கிறது.

இவை எல்லாம் உயரத்துக்குத்தான் மருந்து. 77.6 மி.மீ. அகலமும் 218 கிராம் எடையும் உள்ள எஸ்25 அல்ட்ராவை எந்த அமைப்பும் இளைக்க வைக்காது.

மடக்கு போன் இதற்குத் தீர்வா?

உங்களுக்கு வேண்டியது பைக்குச் சின்ன போனா, கைக்குச் சின்ன போனா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு ஆசைகள்.

பைக்கு என்றால், ஆம். 2025-ன் கேலக்ஸி இசட் ஃபிளிப் 7 மடக்கினால் 85.5 மி.மீ. உயரம்தான். சட்டைப் பையில் எட்டிப் பார்க்காமல் உட்காரும், குனிந்தால் விழாது. ஆனால் திறந்ததும் அது 6.9 இன்ச், 75 மி.மீ. அகலம், முழுப் பெரிய போன். கைக்கு ஒரு நிம்மதியும் இல்லை. வெளிப்புறம் 4.1 இன்ச் திரை இருக்கிறது. அழைப்பை எடுக்க, செய்திக்குச் சுருக்கமாகப் பதில் போட அது போதும், அதற்கு மேல் நீங்களே திறந்துவிடுவீர்கள். மடிப்புக் கோடு, தூசி, பழுது பார்க்கும் செலவு என்று தனிக் கவலைகள் வேறு.

ஐபோன் ஏர், எஸ்25 எட்ஜ் போன்ற மெல்லிய போன்கள்?

அவை சின்ன போன்கள் அல்ல, ஒல்லியான பெரிய போன்கள். ஏரின் திரை 6.5 இன்ச், எட்ஜின் திரை 6.7. இரண்டும் 165 கிராமுக்கு மேல் போகாது என்பதால் கைக்கு லேசாக இருக்கும், அது நிஜமான லாபம். ஆனால் கட்டைவிரலுக்கு எட்டாதது எட்டாததுதான். தடிமனைக் குறைக்கப் பேட்டரியை வெட்டியிருக்கிறார்கள், எட்ஜில் 3900 எம்.ஏ.எச். சின்ன போனின் நஷ்டத்தைப் பெரிய போனில் அனுபவிக்க இது ஒரு வழி.

3 இன்ச் போன்கள் இருக்கின்றனவே, அவை எப்படி?

யுனிஹெர்ட்ஸ் ஜெல்லி ஸ்டார் 3 இன்ச் திரை, 2000 எம்.ஏ.எச். பேட்டரியோடு 2023-ல் வந்தது. 2018-ல் பாம் (Palm) என்ற பெயரில் 3.3 இன்ச் போன் ஒன்று வந்தது, அதன் பேட்டரி 800 எம்.ஏ.எச். ஓடப் போகும்போது, அல்லது போனைக் கொஞ்சம் மறந்திருக்க விரும்பும் நாளில் இரண்டாவது போனாக வைத்துக்கொள்ளலாம். வங்கி ஆப், ஓடிபி, மேப் என எல்லாவற்றுக்கும் இதையே நம்பினால் விரலும் பொறுமையும் தேயும்.

இவ்வளவு பேர் கேட்டும் ஏன் செய்ய மாட்டேன் என்கிறார்கள்?

கேட்பவர்கள் எல்லோரும் வாங்குவதில்லை, அதுதான் காரணம். ஆப்பிள் 2020-ல் 12 மினியைக் கொண்டுவந்தது, எதையும் பெரிதாகக் குறைக்காமல் உண்மையான சின்ன போன். சந்தை ஆய்வு நிறுவனங்களின் மதிப்பீட்டில் அந்த ஆண்டின் ஐபோன் விற்பனையில் அதன் பங்கு ஒற்றை இலக்க சதவீதம்தான். 2021-ல் 13 மினி. 2022-ல் மினியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 6.7 இன்ச் ஐபோன் 14 பிளஸை வைத்தார்கள். சோனியின் எக்ஸ்பீரியா காம்பாக்ட் வரிசையும் 2018-ன் 5 இன்ச் எக்ஸ்இசட்2 காம்பாக்டுக்குப் பிறகு தொடரவில்லை.

பெபிள் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி, சின்ன ஆண்ட்ராய்டு போன் வேண்டும் என்று 2022-ல் இணையத்தில் ஒரு கையெழுத்து இயக்கமே நடத்தினார். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அது போனாக மாறவில்லை. பல்லாயிரம் என்பது நமக்குப் பெரிய எண். தனித் திரை, தனி பேட்டரி, தனி மதர்போர்டு வடிவமைத்துத் தொழிற்சாலையை ஓட்டுகிறவருக்கு அது மிகச் சிறியது. சின்ன போன் செய்யச் செலவும் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் வாங்குபவர் 'சின்னதுதானே' என்று விலை குறைவை எதிர்பார்ப்பார்.

ஐபோன் 13 மினியை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

மினி மேல் தீராத ஆசை என்றால் வாங்கலாம், 12 அல்ல, 13. பேட்டரி கொஞ்சம் பெரிது, ஆப்பிள் கணக்கில் வீடியோ 17 மணி நேரம். 2025-ன் ஐஓஎஸ் 26 இரண்டு மினிக்கும் கிடைத்தது. ஆனாலும் அப்டேட் பட்டியலிலிருந்து பழையதுதான் முதலில் விழும்.

பேட்டரி ஹெல்த் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்து ஐபோன்களுக்கு 500 சுற்றில் 80 சதவீதம் தங்கும் என்பதுதான் ஆப்பிள் சொன்ன கணக்கு. தினமும் முழுதாகத் தீர்க்கும் மினியில் 500 சுற்று ஒன்றரை ஆண்டில் முடிந்துவிடும். எனவே பேட்டரி மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். ஏற்கனவே மாற்றியது என்றால் யார் மாற்றினார்கள் என்று கேளுங்கள்; ஒருமுறை திறந்து மூடிய போனின் நீர்த் தடுப்பைப் பழையபடி நம்ப முடியாது.

புது மினி வரும் என்று காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். 5.4 இன்ச் திரும்பி வருவதற்கான அறிகுறி எதுவும் இல்லை. நிறுவனங்கள் போட்டி போடுவது 6.3 இன்ச்சுக்குள் எவ்வளவு பேட்டரியை அடைப்பது என்பதில்தான். கையில் இருக்கும் போன் நன்றாக ஓடுகிறது, அப்டேட்டும் வருகிறது என்றால் பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் 71 மி.மீ. அகலத்துக்குப் பழகிக்கொள்வது தவிர வேறு வழி தெரியவில்லை. எஸ்25, பிக்சல் 10 இரண்டுக்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெகு நாள் கையில் இருக்கப் போகிற பொருள். அந்த அட்டையை வெட்டிப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.